துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேதிப்பொருள்கள்: பிளாஸ்டிக்கும் தைராய்டும்

நலமாக இருக்கும் ஒருவரின் தைராய்டு சுரப்பி ஒரு நாளில் சுரக்கும் தைராக்சின் என்ற ஹார்மோன் சுமார் 80 முதல் 100 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். ஓராண்டு முழுவதும் சுரப்பதைச் சேர்த்து வைத்தாலும் 36 மில்லிகிராம் அளவுக்குத்தான் வரும். தராசில் வைத்தால் இரண்டு அரிசியின் எடை. இதயம் எந்த வேகத்தில் துடிக்க வேண்டும், உடம்புச் சூடு எவ்வளவு இருக்க வேண்டும், வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை எப்போது எப்படி வளர வேண்டும் என்பதையெல்லாம் இந்த இரண்டு அரிசி எடைதான் பார்த்துக்கொள்கிறது. உடலுக்குத் தேவைப்படும் அளவே இவ்வளவு சொற்பம் என்பதால், பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் சொற்ப அளவையும் "இவ்வளவு கொஞ்சம்தானே" என்று ஒதுக்கிவிட முடியாது.

அதற்காக, பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பிட்டதால்தான் தைராய்டு வந்தது என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியையும் நம்பிவிட வேண்டாம். பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் அல்ல. தைராய்டு வேலை செய்வதும் ஒரே இடத்தில் அல்ல. எந்த வேதிப்பொருள், எந்தக் கட்டத்தில் குறுக்கே வருகிறது, எவ்வளவு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் பேச்சு உருப்படும்.

முதலில் ஹார்மோன் போகும் வழி. கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போல இருக்கிறது தைராய்டு. எடை 20 கிராம் அளவு. அதன் செல்களில் ஒரு புரதம் வாயிற்காவலன் போல நின்று, இரத்தத்தில் வரும் அயோடினைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. உள்ளே ஒரு நொதி அந்த அயோடினை டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீது பொருத்துகிறது. அப்படி அயோடின் ஏறிய இரண்டு டைரோசின்கள் இணைந்து, மொத்தம் நான்கு அயோடின் அணுக்கள் இருந்தால் டி-4, அதாவது தைராக்சின். மூன்று என்றால் டி-3. சுரப்பி வெளியே அனுப்புவது பெரும்பாலும் டி-4. அது கிட்டத்தட்ட கிடங்கிலிருக்கும் சரக்கு மாதிரி; நேரடியாக வேலை செய்வது டி-3தான். உடலின் பல பாகங்களிலும் உள்ள செல்கள் டி-4இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி எறிந்து டி-3 ஆக்கிக்கொள்கின்றன. அந்த டி-3 செல்லின் உட்கருவுக்குள் போய், தனக்கென்று இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் அமர்ந்தவுடன் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில தூங்குகின்றன.

இரத்தத்தில் இந்த ஹார்மோன் தனியாகப் பயணம் செய்வதில்லை. சில புரதங்களின் மீது ஏறித்தான் போகும். 10,000 டி-4 மூலக்கூறுகளை எண்ணினால் இரண்டோ மூன்றோதான் கீழே இறங்கி நிற்கும். மற்றவை எல்லாம் இருக்கையில்.

இதற்கெல்லாம் மேஸ்திரி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி, "வேலை நடக்கவில்லையே" என்று குரலை உயர்த்துகிறது. சோதனை அறிக்கையை முதன்முதலில் கையில் வாங்குபவர்கள் குழம்புவது இங்கேதான். டி.எஸ்.எச். அதிகம் என்றால் பெரும்பாலும் தைராய்டு மந்தமாக இருக்கிறது என்றுதான் பொருள். மேஸ்திரி கத்துகிறார் என்றால் ஆள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இனி பிளாஸ்டிக். பூக்கடையில் தொங்கும் மல்லிகைச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகளை வரிசையாகத் தொடுத்த நீண்ட சரம்தான் பிளாஸ்டிக். நன்றாகக் கட்டிய சரத்திலிருந்து பூ உதிராது. ஆனால் எந்தப் பூக்கூடையின் அடியிலும் கட்டப்படாத உதிரிப்பூ கொஞ்சம் கிடக்கும். சரத்தை முரட்டுத்தனமாகக் கையாண்டால் கட்டிய பூவும் உதிரும். அதோடு, பூ வாடாமல் இருக்கப் பூக்காரம்மா மேலே தண்ணீர் தெளித்திருப்பார். அந்தத் தண்ணீர் எந்த நாராலும் கட்டப்பட்டதல்ல. சரத்தைத் தொட்டவர் கையெல்லாம் ஈரம்.

பிஸ்பினால்-ஏ என்கிற பி.பி.ஏ. பூ வகையைச் சேர்ந்தது. 1891இல் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் தியானின் உருவாக்கியது. கண்ணாடி போலத் தெளிவாகவும் உடையாமலும் இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் சரத்தில் இதுவே பூ. டின் உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும் வெகுகாலமாக இருந்துவருகிறது. வெந்நீரும் காரத்தன்மையுள்ள சோப்பும் இந்தச் சரத்தை அறுக்கும். 2008இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பாலிகார்பனேட் பாட்டில்களில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தார்கள். அறை வெப்பத்தில் இருந்ததைவிட 15 முதல் 55 மடங்கு வேகத்தில் பி.பி.ஏ. வெளியேறியது. பாட்டில் புதியதா பழையதா என்பதைவிட, உள்ளே ஊற்றியது எவ்வளவு சூடாக இருந்தது என்பதே முக்கியமாக இருந்தது.

தாலேட்டுகள் தெளித்த தண்ணீர் வகை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, தண்ணீர்க் குழாயைப் பார்த்தால் தெரியும். அதையே மழைக்கோட்டாகவும் மேசை விரிப்பாகவும் வளைய வைப்பது சரங்களுக்கு இடையே எண்ணெய் போல ஊறியிருக்கும் தாலேட்டு. இரத்த வங்கியில் தொங்கும் மெத்தென்ற பையின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரைகூட இதுவாக இருக்கலாம். கொழுப்பும் எண்ணெயும் இதை எளிதில் இழுத்துக்கொள்ளும்.

தெளித்த தண்ணீரில் இன்னொரு வகை, தீ பரவாமல் தடுக்கச் சேர்க்கும் புரோமின் பொருள்கள். பழைய டி.வி.யின் பின்மூடி, கணினிப் பெட்டி, சோபாவின் நுரைப்பஞ்சு எல்லாவற்றிலும் இவை உண்டு. இவற்றில் பி.பி.டி.இ. என்ற குடும்பத்தின் உருவத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தைராக்சின் மூலக்கூற்றைத் தாளில் வரைந்தால் இரண்டு ஆறுகோண வளையங்கள் வரும், நடுவில் பாலம் போல ஓர் ஆக்சிஜன் அணு, வளையங்களின் விளிம்பில் நான்கு அயோடின். பி.பி.டி.இ.யை வரைந்தாலும் இரண்டு ஆறுகோண வளையங்கள், நடுவில் அதே ஆக்சிஜன் பாலம். விளிம்பில் மட்டும் அயோடினுக்குப் பதில் புரோமின். தனிம அட்டவணையில் புரோமினும் அயோடினும் ஒரே நெடுவரிசையில் அடுத்தடுத்து இருப்பவை. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. தீயை அணைக்கப் புரோமின் நல்லது என்று தொழிற்சாலைகள் தேர்ந்தெடுத்தன. கிடைத்த மூலக்கூறு உடம்பின் ஹார்மோனுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி அமைந்துவிட்டது.

அது உடம்புக்குள் போனால், கல்லீரல் அதை வெளியேற்றும் முயற்சியில் அதன் மீது ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணையை ஒட்டுகிறது. அந்த ஒட்டுதலால் சாயல் இன்னும் நெருங்கிவிடுகிறது. தைராக்சினை ஏற்றிச் செல்லும் புரதங்களில் டிரான்ஸ்தைரெட்டின் என்று ஒன்று உண்டு. பண்டிகைக் காலத்துப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அப்படி அந்த இருக்கையில் இது உட்கார்ந்துகொள்கிறது. மின்சுற்றுப் பலகைகளில் பயன்படும் டெட்ராபுரோமோ பிஸ்பினால்-ஏ என்ற இன்னொரு புரோமின் பொருள், சோதனைக்குழாயில் தைராக்சினைவிடவும் இறுக்கமாக இந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டது. இடம் கிடைக்காத தைராக்சின் நின்றுகொண்டே போகும். நின்றுகொண்டிருப்பதைக் கல்லீரல் சீக்கிரம் வெளியேற்றிவிடும். எலிகளுக்குப் பி.பி.டி.இ. கொடுத்தால் இரத்தத்தில் டி-4 குறைவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு நிதானம் தேவை. வளர்ந்த எலிக்கு டிரான்ஸ்தைரெட்டின் முக்கியமான வண்டி. மனிதருக்கு அப்படியல்ல, நம் தைராக்சினில் பெரும்பகுதி வேறொரு புரதத்தில் பயணம் செய்கிறது. ஆகவே எலியில் கண்ட வீழ்ச்சியை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் நமக்கும் டிரான்ஸ்தைரெட்டின்தான் முதன்மை வண்டி. கவலைப்படுபவர்கள் அதனால்தான் கவலைப்படுகிறார்கள்.

பி.பி.ஏ. கைவைப்பது இருக்கையில் அல்ல, கடைசி நிறுத்தத்தில். டி-3 உட்கார வேண்டிய ஏற்பியிலேயே அது குறுக்கிடுகிறது என்று 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செல்களில் காட்டினார்கள். 2005இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாய் எலிகளுக்குப் பி.பி.ஏ. கொடுத்துக் குட்டிகளின் இரத்தத்தைப் பார்த்தபோது விசித்திரமான விடை கிடைத்தது. டி-4 குறையவில்லை, கூடியிருந்தது! பிறவியிலேயே ஏற்பி சரியாகக் காது கொடுக்காத ஓர் அரிய மரபணுக் குறைபாடு மனிதர்களில் உண்டு. அவர்களின் இரத்தத்திலும் இப்படித்தான் ஹார்மோன் மிகுந்திருக்கும், வேலை மட்டும் நடக்காது. குட்டிகளின் நிலை அதை ஒத்திருந்தது. அறிக்கையில் இருக்கும் எண் நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாத இடம் இது. ஆனால் ஏற்பியைத் தடுக்க ஆய்வகத்தில் தேவைப்பட்ட செறிவு, சாதாரண மனிதரின் இரத்தத்தில் காணப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

பி.பி.ஏ. உணவு வழியாக மட்டும் வருவதில்லை. கடையில் தரும் பில்லையோ ஏ.டி.எம். சீட்டையோ நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தால் அச்சாகும் தாள். அதில் மை கிடையாது. மேலே பூசியிருக்கும் வேதிப்பொருள்தான் சூட்டில் கறுக்கிறது. அந்தப் பூச்சில் பி.பி.ஏ. எந்தச் சரத்திலும் கட்டப்படாமல் உதிரியாகவே இருக்கும் வழக்கம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் அதற்கு 0.02 சதவீதம் என்று வரம்பு போட்டது. பல ஆலைகள் உடனே பிஸ்பினால்-எஸ் என்ற அதன் தம்பிக்கு மாறின. "பி.பி.ஏ. இல்லாதது" என்ற ஒட்டுவில்லையைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது, தம்பியின் குணமும் அண்ணனிடமிருந்து அதிகம் விலகியதல்ல.

தாலேட்டுகளைப் பற்றிச் சொல்ல இவ்வளவு தெளிவான கதை இல்லை. 2007-08இல் அமெரிக்க அரசு எடுத்த நாடு தழுவிய உடல்நலக் கணக்கெடுப்பில், சிறுநீரில் தாலேட்டின் எச்சம் அதிகமாக இருந்த பெரியவர்களிடம் டி-4 சற்றுக் குறைவாக இருந்தது. சேர்ந்து காணப்பட்டது, அவ்வளவுதான். அதனால் இது வந்தது என்று அந்தக் கணக்கு நிரூபிப்பதில்லை. பெர்குளோரேட்டுக்குக் கதை தெளிவு: ராக்கெட் எரிபொருளில் சேரும் இந்த உப்பு, உலர் உணவுக்கான பிளாஸ்டிக் உறைகளில் நிலைமின்சாரம் சேராமல் இருக்கவும் பயன்பட்டிருக்கிறது. அயோடினை உள்ளே இழுக்கும் அந்த முதல் வாயிலிலேயே முண்டியடித்து நுழையும். அயோடின் போதுமான அளவு சாப்பிடுபவருக்கு இதனால் வரும் இடைஞ்சல் சிறிது. குறைவாகச் சாப்பிடுபவருக்கு அதிகம். சமையலறையில் இருக்கும் அயோடின் உப்பு இந்த விவகாரத்தில் சத்தமில்லாத நண்பன்.

எலியும் சோதனைக்குழாயும் போதும். மனிதர்களிடம் என்ன தெரியும்? இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய விடை அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள பார்க்கர்ஸ்பர்க் நகரை ஒட்டிக் கிடைத்தது. அங்கே டூபான்ட் நிறுவனத்தின் ஆலை டெஃப்லானைத் தயாரித்தது. டெஃப்லானும் ஒரு பிளாஸ்டிக்தான். அதன் தயாரிப்பில் உதவிப் பொருளாகச் சேர்த்த பி.எஃப்.ஓ.ஏ. (ஆலையில் இதைச் சி-8 என்று அழைத்தார்கள்) காற்றிலும் ஆற்றிலும் கலந்து சுற்றுவட்டாரக் குடிநீருக்குள் போனது. ஆலைக் கழிவு கலந்த ஓடையில் நீர் குடித்த தன் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்ததைக் கண்ட வில்பர் டென்னன்ட் என்ற விவசாயி, ராபர்ட் பிலட் என்ற வழக்கறிஞரிடம் போனார். வழக்கு வளர்ந்து, உடன்பாட்டில் ஓர் அபூர்வமான நிபந்தனை சேர்ந்தது: இந்தப் பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்பதை இரு தரப்பும் ஏற்ற மூன்று நோய்ப்பரவலியல் அறிஞர்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். 2005-06இல் சுமார் 69,000 பேர் இரத்தப் பரிசோதனை ஊசிக்குக் கை நீட்டினார்கள். 2012இல் குழு முடிவைச் சொன்னது. சி-8உடன் தொடர்பு இருக்க வாய்ப்புள்ளது என்று அவர்கள் ஏற்றவை ஆறு. அவற்றில் ஒன்று தைராய்டு நோய்.

பி.பி.ஏ. சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். பி.எஃப்.ஓ.ஏ. இரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை ஆகும். அந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு குவளைத் தண்ணீராகச் சேமித்ததை உடம்பு வருடக்கணக்கில் வைத்திருந்தது. டெஃப்லான் பூசிய ஒட்டாத தோசைக்கல் வைத்திருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. பூச்சைச் சூட்டில் பதப்படுத்தும்போது அந்த உதவிப் பொருளின் பெரும்பகுதி போய்விடுகிறது. பார்க்கர்ஸ்பர்க் மக்கள் நோயுற்றது தோசைக்கல்லால் அல்ல, ஆலையின் பக்கத்தில் தண்ணீர் குடித்ததால்.

வளர்ந்தவருக்குத் தைராக்சின் சற்று ஏறி இறங்கினால் மேஸ்திரி சரிக்கட்டிவிடுவார். இரத்தத்தில் இருக்கும் டி-4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், கையிருப்பு தாராளம். கருவுக்கு இந்த வசதி கிடையாது. முதல் 12 வாரங்கள் அதற்குச் சொந்தச் சுரப்பி வேலை செய்வதில்லை. அம்மாவிடமிருந்து வருவதே எல்லாம். மூளையின் நரம்புச் செல்கள் பிறந்து தத்தம் இடத்துக்கு நகரத் தொடங்கும் வாரங்களும் இவைதான். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் குழந்தைகளுக்கு, ஏழு முதல் ஒன்பது வயதுக்குள் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 7 புள்ளிகள் குறைந்திருந்தது. அது பிளாஸ்டிக்கால் வந்த குறைபாடு அல்ல. ஆனால் அந்த வாரங்களில் ஹார்மோன் குறைந்தால் விலை என்ன என்பதை அது காட்டியது.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குளத்துக்குப் போகலாம். 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். அவை வளர்வதற்கு முன்பே வால் சுருங்கி, கால் முளைத்து, பொடிப்பொடித் தவளைகளாகிவிட்டன. தைராய்டு ஹார்மோன் இல்லாவிட்டால் தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே பெரிதாகிக்கொண்டு போகும். புதிய வேதிப்பொருள் தைராய்டைத் தொந்தரவு செய்யுமா என்று சோதிக்க இன்றும் ஆய்வகங்கள் தலைப்பிரட்டைகளை 21 நாள் அந்தப் பொருள் கலந்த நீரில் விட்டுக் கால் முளைப்பதை அளக்கின்றன.

சரி, வீட்டில் என்ன செய்வது? தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் முதலில் செய்ய வேண்டியது அதை வெறும் வயிற்றில் தவறாமல் சாப்பிடுவது. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைபாட்டுக்கு முதன்மைக் காரணம் ஹாஷிமோட்டோ எனப்படும் நிலை; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. டப்பாவை மாற்றினால் அது போகாது. "பிளாஸ்டிக் நச்சை வெளியேற்றும்" சூரணத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை.

குற்றம் சாட்டும்போது ஆளையும் சரியாகப் பார்க்க வேண்டும். சூடான சாம்பாரைக் கட்டித் தரும் மெல்லிய பாலித்தீன் உறையில் பி.பி.ஏ.வுக்கு வேலை கிடையாது. பாலித்தீன் தன்னியல்பிலேயே நெகிழ்வானது, தாலேட்டும் தேவைப்படாது. அந்த உறை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது வேறு நியாயங்களுக்காக. சாக்கடையையும் மாட்டின் வயிற்றையும் பார்த்தால் தெரியும். ஆனால் அது மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்ததென்றால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்குவாளி எடுத்துக்கொண்டு போவதே மேல். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலிலும் பி.பி.ஏ. கிடையாது. அது பெட் என்ற வேறு வகை. அடியில் முக்கோணத்துக்குள் 1 இருக்கும். கெட்டியான, நீலச் சாயல் கொண்ட 20 லிட்டர் கேன்களில் பாலிகார்பனேட்டில் செய்தவை உண்டு. முக்கோணத்துக்குள் 7 என்று இருந்தால் அதுவாக இருக்கலாம். 7 என்பது "மற்றவை" என்ற கூடை என்பதால் வேறாகவும் இருக்கலாம். எதுவானாலும் வெயிலில் வைக்காமலும் வெந்நீர் ஊற்றாமலும் இருப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. குழந்தைகளின் பால் புட்டிகளில் பி.பி.ஏ. கூடாது என்று இந்தியத் தரநிலை 2015இலேயே சொல்லிவிட்டது.

பி.பி.டி.இ. குடும்பத்தில் சிலவற்றை உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் 2009இலும், டெகா என்ற மற்றொன்றை 2017இலும் தடைப் பட்டியலில் சேர்த்தன. ஆனால் பழைய டி.வி.க்குச் சட்டம் தெரியாது. அது உடைந்து, உருகி, கறுப்புப் பிளாஸ்டிக்காக மறுபிறவி எடுக்கிறது. 2024 அக்டோபரில் கெமோஸ்பியர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் சமையல் கரண்டிகளிலும் உணவுத் தட்டுகளிலும் தீத்தடுப்புப் பொருள்கள் இருந்தன. அத்தகைய கரண்டியைப் பயன்படுத்துபவருக்கு ஒரு நாளில் 34,700 நானோகிராம் டெகா சேரலாம், பாதுகாப்பு எல்லையோ 42,000 என்று சொன்னது. எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில்! செய்தி உலகம் முழுவதும் பரவியது, பலர் கரண்டிகளைக் குப்பையில் போட்டார்கள். பிறகுதான் ஒருவர் பெருக்கிப் பார்த்தார். உடல் எடையில் கிலோவுக்கு 7,000 நானோகிராம், எடை 60 கிலோ. விடை 42,000 அல்ல, 4,20,000. ஒரு சுழியம் விடுபட்டிருந்தது. டிசம்பரில் திருத்தம் வந்தது. டி.வி. மூடியில் இருக்க வேண்டியது கரண்டியில் இருக்கிறது என்ற கண்டுபிடிப்பு மட்டும் அப்படியே நின்றது; எல்லையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்றாலும், சட்டினி தாளிக்கும் பொருளில் அது இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. எங்கள் வீட்டில் தோசைத் திருப்பி இரும்பு, கரண்டி எவர்சில்வர். தூக்கிப் போட ஒன்றும் அகப்படவில்லை.